காவடி விரதமும் ஒரு மாத்திரையும்: சாட்ஸ்வர்த் டாக்டருக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் சொந்தமாக சர்ஜரி (கிளினிக்) நடத்தும் ஒரு குடும்ப மருத்துவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய நோயாளி 62 வயது அம்மா. மெலிந்த உடல். 16 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிக்லசைட், இரவில் ஒரு ஊசி இன்சுலின். சிறுநீரில் புரதம் போகிறது என்று தெரிந்ததும், எட்டு மாதங்களுக்கு முன் டாபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் சேர்த்திருக்கிறார் டாக்டர். தைப்பூசக் காவடிக்கு அந்த அம்மா கொடியேற்றம் முதல் விரதம் இருந்தார். பகலில் ஒரு டம்ளர் பால், கொஞ்சம் பழம், அவ்வளவுதான். சாப்பாடு இல்லையே, சர்க்கரை இறங்கிவிடுமோ என்று பயந்து இன்சுலினைத் தானே பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டார். மாத்திரைகளை மட்டும் விடாமல் போட்டார். ஒன்பதாம் நாள் வாந்தி, வயிற்றுவலி, உடம்பு அசதி என்று சர்ஜரிக்கு வந்தார். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 11.4 மில்லிமோல் (மில்லிகிராம் கணக்கில் சுமார் 205). "வெயில், பட்டினி, அதனால்தான்" என்று வாந்திக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர். அன்று இரவே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, மருத்துவமனையில் கீட்டோ அசிடோசிஸ் (ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். அந்த அம்மா பிழைத்து வீடு திரும்பிவிட்டார்.

மறுவாரமே டாக்டர் தன் பதிவேட்டைப் புரட்டி, இந்த வகை மாத்திரை போட்டுக்கொண்டிருந்த 43 பேருக்கும் அதை நிறுத்திவிட்டார். இப்போது கேட்கிறார்: "நான் செய்தது சரிதானா? 39 சதவீதம் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்று மருந்துக் கம்பெனி ரெப் சொன்னதை நம்பிக் கொடுத்தேன், யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. இப்போது அதே ரெப், வாராந்திர ஊசி (செமாகுளூடைட்) இதைவிடப் பாதுகாப்பு என்கிறார், எல்லோரையும் அதற்கு மாற்றிவிடட்டுமா? மாதம் ஒரு ஆய்வு வருகிறது, தனியாக நடத்துகிற நான் எதைப் படிப்பது? அந்தக் குடும்பம் என் மேல் வழக்குப் போடுமா? ராத்திரி தூக்கம் வருவதில்லை."

அன்புள்ள டாக்டருக்கு,

முதலில் அந்த மாலையைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதும் அங்கேதான் சுற்றுகிறது. நீங்கள் மருந்தின் மேல் கோபப்படுகிறீர்கள். மருந்தைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய பிழை இல்லை. தவறு நடந்தது, 11.4 என்ற எண்ணைப் பார்த்து உங்கள் மனம் சமாதானமாகிவிட்ட அந்த நிமிடத்தில். சர்க்கரை 25, 30 என்று இருந்தால்தான் கீட்டோ அசிடோசிஸ் என்று நாம் எல்லோரும் கல்லூரியில் படித்தோம். டாபாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 வகை மருந்து போடுகிறவருக்கு அந்தப் பாடம் பொருந்தாது.

நானும் இதைத் தவறவிட்டிருக்கிறேன். இந்த மாத்திரைகள் புதிதாக வந்த வருடங்களில், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார். சர்க்கரை 9. மயக்க மருந்தின் விளைவு என்று நினைத்துக்கொண்டு வார்டில் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். அவர் மனைவிதான் என் பின்னாலேயே வந்து, "டாக்டர், இவர் ஓடிவந்த மாதிரி மூச்சு விடுகிறார், பாருங்கள்" என்றார். திரும்பிப் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தேன். நெஞ்சு ஆழமாக, சீராக, நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை, நுரையீரலில் சத்தம் இல்லை. ரத்தத்தில் பைகார்பனேட் 9-க்கு இறங்கியிருந்தது, அமிலம் ஏறியதன் அடையாளம். அன்றிலிருந்து, இந்த மாத்திரை போடும் ஒருவர் வாந்தி என்று வந்தால், சர்க்கரை எண்ணைப் பார்க்கும் முன் அவர் மூச்சை ஒரு நிமிடம் நின்று எண்ணுகிறேன்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். இந்த மருந்து சிறுநீரகத்தில் சர்க்கரை திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து வெளியே தள்ளிவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை குறைவதால் இன்சுலின் சுரப்பு குறையும், அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் ஏறும். உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், கீட்டோன் உண்டாகும். சாப்பிடுகிற, இன்சுலின் போதுமான அளவு இருக்கிற ஆளுக்கு இது லேசாக நின்றுவிடும். உங்கள் நோயாளிக்கோ 16 வருட நோயில் கணையம் சோர்ந்திருக்கும். மெலிந்த உடல் அதற்கு ஒரு அடையாளம். அதற்கு மேல் ஒன்பது நாள் மாவுச்சத்து மிகக் குறைவு, டர்பன் தை மாத வெயிலில் உடம்பில் நீர் இல்லை, இன்சுலின் பாதிகூட இல்லை. மாத்திரையோ தினமும் சர்க்கரையை வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது. அமிலம் ஏற, சர்க்கரை மட்டும் பார்க்க நன்றாக இருந்தது.

2024-இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து கீட்டோ அசிடோசிஸின் வரையறையைத் திருத்தி எழுதினார்கள். முன்பு சர்க்கரை சுமார் 14 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது 11.1-க்கு மேல், அல்லது சர்க்கரை எவ்வளவாக இருந்தாலும் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர் என்பதே போதும். அதோடு ரத்தக் கீட்டோன் 3 அல்லது அதற்கு மேல், பைகார்பனேட் 18-க்குக் கீழ் அல்லது பிஎச் 7.3-க்குக் கீழ். நோயாளி நீரிழிவுக்காரர் என்று தெரிந்த பிறகு, சர்க்கரை எண்ணை வைத்து "இது அதுவல்ல" என்று ஒதுக்கும் உரிமை நமக்கு இல்லை. உங்களைப் பாதித்த அந்த மாலைக்கு நேராகப் பொருந்துகிற புதிய செய்தி ஒன்று உண்டென்றால் இதுதான். எந்த ரெப்பும் இதைக் கொண்டுவர மாட்டார், இதில் விற்க ஒன்றும் இல்லை.

சர்ஜரிக்கு ஒரு ரத்தக் கீட்டோன் மீட்டர் வாங்கிவிடுங்கள். சிறுநீர்க் குச்சியை நம்ப வேண்டாம். அது அசிட்டோ அசிடேட் என்ற ஒரு வகைக் கீட்டோனைத்தான் காட்டும், இந்த நோயில் அதிகம் இருப்பதோ பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற இன்னொரு வகை. ரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழ் என்றால் நிம்மதி. வாந்தியோடு 1.5-ஐத் தாண்டினால் மருத்துவமனைக்கு அனுப்புங்கள், கடிதத்தில் மருந்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அங்கே இருக்கும் இளம் டாக்டரும் சர்க்கரை எண்ணைப் பார்த்து ஏமாறலாம். இவர்களுக்கு இன்சுலினோடு ஆரம்பத்திலேயே டெக்ஸ்ட்ரோஸும் (சர்க்கரைக் கரைசல்) ஏற்ற வேண்டியிருக்கும்.

39 சதவீதம் என்ற எண்

ரெப் சொன்னது பொய் இல்லை. 2020-இல் வந்த டாபா-சிகேடி ஆய்வில் 4,304 பேர். சிறுநீரகம் பாதியாகச் செயலிழப்பது, டயாலிசிஸ் நிலைக்குப் போவது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள், வெற்று மாத்திரை போட்டவர்களில் 14.5 சதவீதம், டாபாகிளிஃப்ளோசின் போட்டவர்களில் 9.2 சதவீதம். ஒப்பீட்டளவில் 39 சதவீதக் குறைவு. நேராகக் கழித்தால் 5.3. அதாவது சுமார் இரண்டரை வருடத்துக்கு 19 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு அந்த விபத்து தவிர்க்கப்படும். நூற்றுக்கு 39 பேர் காப்பாற்றப்படுவார்கள் என்று அர்த்தம் இல்லை. ஆனால் நான் மதிப்புக் கொடுக்கும் எண் இந்த 19-தான், ஏனென்றால் நாம் நாள்தோறும் எழுதும் பல மருந்துகளுக்கு இது 100-க்கும் மேலே போகும்.

அந்த 4,304 பேர் யார் என்பதையும் பாருங்கள். ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 25 முதல் 75 வரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கணிசமாகப் போகிறவர்கள் (கிரியாட்டினினோடு ஒப்பிடும் ஆல்புமின் விகிதம் நம் லேப் கணக்கில் சுமார் 22.6-க்கு மேல்). உங்கள் நோயாளிக்கு ஈஜிஎஃப்ஆர் 48, ஆல்புமின் விகிதம் 38 என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்த ஆய்வுக்குள் அப்படியே பொருந்துகிறவர். அதனால்தான் மருந்தைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய பிழை இல்லை என்றேன். மெலிந்த உடலும் இன்சுலின் ஊசியும் உங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதயத்திலும் சிறுநீரகத்திலும் பெரிதாக நோய் இல்லாதவருக்கு இதே மாத்திரை கொடுத்தால் பலன் சிறியது. 2019-இல் வெளியான டிக்ளேர் ஆய்வில் 17,160 பேர், பாதிக்கு மேல் இதய நோய் இன்னும் வராதவர்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்த்து 8.8 சதவீதம் எதிர் 9.4. வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதும் இதய மரணமும் 4.9 எதிர் 5.8. அதே ஆய்வில் கீட்டோ அசிடோசிஸ் மருந்து போட்டவர்களில் 0.3 சதவீதம், போடாதவர்களில் 0.1. நான்கு வருடத்தில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் கூடுதல். அபூர்வம்தான், ஆனால் நம் சமூகத்தின் காலண்டரை மனதில் வைத்து யாரும் அந்த ஆய்வை வடிவமைக்கவில்லை. தை, பங்குனி, சித்திரைக் காவடிகள், ஈஸ்டரில் தீமிதி, ஆடிக் கூழ், புரட்டாசி என்று வருடம் முழுக்க ஏதோ ஒரு விரதம் இருக்கும் மக்களுக்கு அந்த 0.3-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு இல்லை.

43 பேருக்கும் நிறுத்தியது

இங்கேதான் உங்களோடு நான் உடன்படவில்லை. நிறுத்துவது பாதுகாப்பானது என்று நினைத்தீர்கள். இதே வகை மாத்திரையான எம்பாகிளிஃப்ளோசினை வைத்து நடந்த இதயச் செயலிழப்பு ஆய்வுகள் முடிந்ததும் ஒரு மாத அளவில் எல்லோருக்கும் மாத்திரையை நிறுத்திக் கவனித்தார்கள். அதுவரை மருந்து போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த முப்பது நாளிலேயே இதய ஆபத்து ஏறியது. அந்த 43 பேரில் இதயம் தளர்ந்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும். அவர்களை இந்த வாரமே கூப்பிடுங்கள்.

பதிவேட்டை மீண்டும் எடுத்து நோயாளிகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், சிறுநீரில் ஆல்புமின் போகிறவர்கள், ஈஜிஎஃப்ஆர் குறைந்தும் 20-க்குக் கீழே போகாதவர்கள்: இவர்களுக்கு விரத விதியைச் சொல்லிக்கொடுத்து மீண்டும் ஆரம்பியுங்கள். இரண்டாவது, வெறும் சர்க்கரைக்காகக் கொடுக்கப்பட்டவர்கள். இங்கே அவசரம் இல்லை, அடுத்த முறை வரும்போது பேசி முடிவு செய்யலாம். மூன்றாவது, கொடுக்கவே கூடாதவர்கள்: டைப் 1 உள்ளவர், கணைய அழற்சி வந்தவர், தினமும் அதிகம் குடிப்பவர், எடை குறைக்க மாவுச்சத்தை அறவே விட்டவர், காரணம் இல்லாமல் மெலிந்துகொண்டே போகிறவர். உங்கள் நோயாளி அம்மாவும் இனி இந்தப் பட்டியலில்தான். ஒருமுறை இந்த மருந்தோடு கீட்டோ அசிடோசிஸ் வந்தவருக்கு, தெளிவான வேறு காரணம் இருந்து அது நீங்கினாலொழிய மறுபடி தொடங்க வேண்டாம் என்பதே ஒழுங்குமுறை அமைப்புகளின் நிலை. விரதம் தெளிவான காரணம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவர் அடுத்த தையிலும் காவடி எடுப்பார், டாக்டர். சி-பெப்டைடும் (கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும்) காட் ஆன்டிபாடியும் (டைப் 1-இன் அடையாளம்) பார்த்துவிடுங்கள். டைப் 2 என்று 16 வருடமாக எழுதிக்கொண்டிருப்பது தவறாகவே இருக்கலாம்.

மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் ஈஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும். 43 பேரில் சிலருக்கு "கிரியாட்டினின் ஏறுகிறது, நிறுத்தியது நல்லதுதான்" என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். 30 சதவீதம் வரை இறங்கினால் பயப்பட வேண்டாம். சிறுநீரக வடிகட்டிக்குள் அழுத்தம் குறைவதன் அடையாளம் அது, ஆரம்ப இறக்கத்துக்குப் பிறகு சரிவு மெதுவாகிவிடும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் வருத்தத்தோடு சொல்கிறேன். 43 பேரில் ஆல்புமின் விகிதம் பார்த்தது 11 பேருக்குத்தான். மற்றவர்களுக்குச் சிறுநீர்க் குச்சியில் புரதம் இல்லை என்று விட்டிருக்கிறீர்கள். குச்சி ஆரம்ப நிலையைக் கண்டுபிடிக்காது. விகிதம் 3-ஐத் தாண்டினாலே சிறுநீரகம் பேச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், குச்சி நிறம் மாறுவதோ வெகு தாமதமாக. அதைவிடவும், அவர்களில் பலர் எனாலாப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் 5 மில்லிகிராமிலேயே வருடக்கணக்காக நிற்கிறார்கள். ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் இடம் கொடுத்தால் தாங்கக்கூடிய முழு அளவுக்கு அதை ஏற்றுவதும், விட்டுப்போன ஸ்டாட்டினை (கொலஸ்ட்ரால் மாத்திரை) சேர்ப்பதும் மலிவான வேலை. எந்தப் புதிய மருந்துக்கும் முன்னால் இது. கையிலிருந்து பணம் கொடுத்து வைத்தியம் பார்க்கும் உங்கள் நோயாளிகளுக்கு இதுவே பெரிய காப்பு.

"விரதம்" என்றால் என்ன என்று கேளுங்கள்

நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "ஃபாஸ்டிங்" என்று ஒரே சொல்லைச் சொல்வார்கள். புரட்டாசியில் மாமிசம் விட்டுவிட்டு மூன்று வேளையும் சோறு, பருப்பு, காய்கறி சாப்பிடுகிறவரும் ஃபாஸ்டிங்தான். காவடிக்குப் பத்து நாள் ஒரு வேளைப் பாலும் பழமும் என்று இருப்பவரும் ஃபாஸ்டிங்தான். முதல் ஆளுக்கு மாத்திரையை நிறுத்த வேண்டியதே இல்லை. இரண்டாம் ஆளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால் "விரதமா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். "எத்தனை வேளை? தட்டில் என்ன இருக்கும்? கடைசி நாள் காவடி இறக்கும் வரை தண்ணீராவது குடிப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்த அம்மாவிடம் டிசம்பரிலேயே யாராவது இதைக் கேட்டிருந்தால் போதும்.

நான் செய்வது இப்படி. சாப்பாடு பெருமளவு குறையும் விரதம் என்றால், கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்னதாக எஸ்ஜிஎல்டி2 மாத்திரையை நிறுத்தச் சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்கு முன் மூன்று நாள் நிறுத்துவது போலத்தான் (இதே வகையில் எர்டுகிளிஃப்ளோசின் என்றால் நான்கு). விரதம் முடிந்து, இரண்டு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வாந்தி ஏதும் இல்லை என்றால் மீண்டும் தொடங்கலாம். கிளிக்லசைட் போன்ற மாத்திரையை அந்த நாட்களில் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும், தாழ்சர்க்கரைக்கு அதுதான் முதல் காரணம். இரவு இன்சுலினை ஒருபோதும் அறவே விடக் கூடாது. எவ்வளவு குறைப்பது என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பயத்தில் அவர்களே ஒரு கணக்குப் போடாமல் இருப்பார்கள். இதயச் செயலிழப்புக்காக மாத்திரை போடுகிறவர் என்றால் நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. அவரிடம் முருகன் பால்குடத்தையும் ஏற்றுக்கொள்வார், பத்து நாள் பட்டினி வேண்டாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பலர் கேட்கிறார்கள், சிலர் கேட்பதில்லை. கேட்காதவர்களை நடுவில் ஒருநாள் வரச் சொல்லிக் கீட்டோன் பார்க்கிறேன்.

வாந்தி, பேதி, காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத எந்த நாளுக்கும் இதே விதிதான். அந்த மாத்திரையை நிறுத்து, மெட்ஃபார்மினையும் எனாலாப்ரிலையும் நீர் மாத்திரையையும் நிறுத்து, இன்சுலினை நிறுத்தாதே, எனக்குப் போன் செய். அப்புறம், காவடிக் கமிட்டியில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் விரதத்துக்கு முன் தங்கள் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அறிவியுங்கள். நான் இரண்டு வருடமாகச் செய்கிறேன், அந்த வாரம் சர்ஜரியில் கூட்டம் தாங்காது.

ஊசிக்கு எல்லோரையும் மாற்றுவது

செமாகுளூடைட் நல்ல மருந்து. 2024-இல் வந்த ஃப்ளோ ஆய்வில், டைப் 2-வோடு சிறுநீரக நோயும் இருந்த 3,533 பேரில், பெரிய சிறுநீரக விபத்துகளும் இதய மரணமும் 24 சதவீதம் குறைந்தன. பருமனான உடல், இதய நோய் உள்ளவர்களுக்கு நானே விரும்பி எழுதுகிறேன். ஆனால் "இதைவிடப் பாதுகாப்பு" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது தவறு. முதல் மாதங்களில் குமட்டலும் வாந்தியும் சாதாரணம். விரதக் காலத்தில் அந்த வாந்தியும் நீர் வற்றச் செய்யும். இந்த ஊசி தொடங்கியதும் சர்க்கரை இறங்குகிறதே என்று இன்சுலினைச் சடாரென்று குறைத்தவர்களுக்குக் கீட்டோ அசிடோசிஸ் வந்திருக்கிறது, 2019-இலேயே பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. உங்கள் நோயாளிக்கு நடந்ததும் அடிப்படையில் அதே கதைதான், இன்சுலின் போதாமை. 2016-இல் வந்த சஸ்டெயின்-6 ஆய்வில் விழித்திரைச் சிக்கல்கள் 3 சதவீதம், ஊசி போடாதவர்களில் 1.8. ஏற்கெனவே கண் பாதித்தவருக்குச் சர்க்கரையை வேகமாக இறக்கும் முன் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். மெலிந்திருக்கும் உங்கள் நோயாளி அம்மாவுக்கு இந்த ஊசி வேண்டவே வேண்டாம், இருக்கிற எடையும் போய்விடும். அவருக்கு வேண்டியது ஒழுங்கான இன்சுலின்.

"முதல் மாதம் போட்டுப் பார்க்க" என்று ரெப் இலவசப் பேனாக்கள் தருகிறேன் என்றதாக எழுதியிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். நம் நாட்டின் 1965-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 18பி பிரிவு மருந்து மாதிரி கொடுப்பதையே தடை செய்கிறது.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) டாபாகிளிஃப்ளோசினுக்குப் பணம் தர மறுத்ததாகச் சொன்ன இருவரைப் பற்றி: டைப் 2, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய் மூன்றுமே கட்டாய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் மருந்து பலன் தராவிட்டாலோ தீங்கு செய்தாலோ மாற்று மருந்துக்கு விதிவிலக்கு தர வேண்டும் என்று ஒழுங்குமுறை 15எச், 15ஐ சொல்கின்றன. "நோயாளிக்கு நல்லது" என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை மாதம், அதன் பிறகும் ஆல்புமின் விகிதம் எவ்வளவு என்று தேதியோடு எழுதுங்கள். அப்போதும் மறுத்தால் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்கு முறையிடலாம்.

எதைப் படிப்பது

தொடர்கல்வி என்று வருடத்துக்கு 30 புள்ளி சேர்ப்பதற்காக ஓட்டல் சாப்பாட்டோடு கேட்கும் பேச்சுகளில் நம் பயிற்சி வளராது, அதை நீங்களே உணர்ந்திருக்கிறீர்கள். மாதம் ஒரு கட்டுரை போதும், ஆனால் முழுவதும். சுருக்கத்தை விட்டுவிட்டு முதல் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். அங்கே சராசரி வயது, எடை, ஈஜிஎஃப்ஆர் எல்லாம் இருக்கும். என் காத்திருப்பு அறையில் இருப்பவர் யாராவது இதில் இருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு இரண்டு பக்கத்து சதவீதத்தையும் நேராகக் கழியுங்கள். பிறகு பக்க விளைவு அட்டவணை. ரெப்பின் தாளில் இல்லாதது எல்லாம் அங்கேதான் இருக்கும்.

சேர்ப்பதற்கு மட்டும் படிக்காதீர்கள், எடுப்பதற்கும் படியுங்கள். உங்கள் பட்டியலில் மாரடைப்பே வராத நீரிழிவுக்காரர்கள் பலர் ஆஸ்பிரின் போடுகிறார்கள். 2018-இல் 15,480 பேரிடம் நடந்த அசெண்ட் ஆய்வில் ரத்தக்குழாய் விபத்துகள் 9.6-லிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தன, பெரிய ரத்தப்போக்கு 3.2-லிருந்து 4.1 ஆக ஏறியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை எடுத்துக்கொள்கிறது. எழுபதைத் தாண்டியவர்களிடமிருந்து முதலில் எடுக்கத் தொடங்குங்கள்.

அந்தக் குடும்பம்

வழக்குப் பயம் எனக்குப் புரிகிறது. இன்றே உங்கள் தொழில் காப்பீட்டாளரை அழைத்து நடந்ததைச் சொல்லுங்கள், அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். அன்றைய குறிப்பில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். சேர்க்க ஏதாவது இருந்தால் இன்றைய தேதி போட்டுத் தனியாக எழுதுங்கள். நடந்ததை சாப்ராவுக்கு (நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) பக்க விளைவு அறிக்கையாக அனுப்புங்கள், மெட் சேஃப்டி ஆப்பிலேயே அனுப்பலாம். அது உங்கள் மேல் நீங்களே கொடுக்கும் புகார் ஆகாது. விரத காலத்தில் இப்படி நடக்கிறது என்று பதிவானால்தான் நாளைக்கு யாராவது எண்ணிப் பார்க்க முடியும்.

அந்த அம்மா வரும் வியாழக்கிழமை வருகிறார் என்றும், மகளும் கூட வருவதாகவும், என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். காப்பீட்டாளரிடம் பேசிய பிறகு, அன்றைய கடைசி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குங்கள், வெளியே யாரும் காத்திருக்க வேண்டாம். "அன்று நான் கீட்டோன் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். மருந்தைக் குறை சொல்லித் தொடங்காதீர்கள், விரதத்தைக் குறை சொல்லியும் தொடங்காதீர்கள். மகள் கோபப்பட்டால் படட்டும், முழுவதையும் கேளுங்கள். அப்புறம் மீட்டரை எடுத்து, அந்த அம்மா விரலில் நீங்களே ஒருமுறை குத்திக் காட்டி, அடுத்து மகளையே செய்யச் சொல்லுங்கள். அடுத்த தைப்பூசத் தேதியைக் காலண்டரில் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்னால் அவருக்கு ஒரு நேரம் குறித்து, சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.